ஆய்வுக் குழு கோயில் வாசலுக்கு வந்தால்: எந்த வகையில் சேர்வது?

பல்கலைக்கழக முத்திரையோடு ஒரு கடிதம் வருகிறது. மலேசிய இந்தியர்களிடையே நீரிழிவு ஏன் இவ்வளவு அதிகம் என்று ஆராயப் போகிறார்களாம், உங்கள் சங்கத்தின் ஒத்துழைப்பு வேண்டுமாம். கோலாலம்பூரில் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், கம்போங் பாண்டான், லெம்பா பந்தாய் என்று நம்மவர்கள் சேர்ந்து வாழும் வட்டாரங்களில் கோயில் நிர்வாகத்திலோ குடியிருப்போர் சங்கத்திலோ இருப்பவர்களுக்கு இப்படியொரு கடிதம் என்றாவது வரத்தான் செய்யும். பெரும்பாலும் தலைவர் ‘நல்ல காரியம்தானே’ என்று தலையாட்டிவிடுவார், செயலாளர் தேதி கொடுத்துவிடுவார். எதற்குத் தலையாட்டினோம் என்பது பிறகுதான் தெரியவரும்.

ஒத்துழைப்பதில் குறைந்தது நான்கு வகை உண்டு. மண்டபத்தைத் திறந்துவிட்டு ஆள் சேர்த்துக் கொடுக்கலாம். ஆய்வின் ஆலோசனைக் குழுவில் உட்காரலாம். நம் ஆட்களைச் சம்பளத்துக்குக் களப்பணியாளராக அனுப்பலாம். அல்லது கேள்வி, பணம், தரவு எல்லாவற்றிலும் பங்கு கேட்டு ஆய்வையே கூட்டாக நடத்தலாம். எது என்று முன்கூட்டியே பேசவில்லையென்றால் காரியம் முதல் வகையில்தான் போய் நிற்கும். ஆய்வாளருக்கும் அதுதான் சுலபம், நமக்கும் அதுதான் சுலபம்.

என் கட்சி எது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரில் உள்ள நடுத்தரமான ஒரு கோயிலுக்கோ சங்கத்துக்கோ மூன்றாவது வகைதான் சரிப்படும். கேட்பதற்குப் பெருமையாக இருக்கும் இரண்டாவது வகைதான் நான்கிலும் மோசம் என்பது என் கணிப்பு.

எதற்கு இந்த ஆய்வே?

2019ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு, ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவர். 2023 ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6க்கு இறங்கியது, ஆனால் இந்தியர்கள் முதலிடத்திலிருந்து இறங்கவில்லை. புதிதாக டயாலிசிஸ் தொடங்குவோரில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு மூலகாரணம் நீரிழிவுதான். சொந்தத்தில் ஒருவர்கூட டயாலிசிஸ் நாற்காலியில் உட்காராத குடும்பம் நம்மிடையே குறைவு.

ஆக, எண்ணிக்கை இருக்கிறது. ‘ஏன்’ என்பதற்குத்தான் அவசரப் பதில்கள் நிறைய. ஒரு பக்கம் ‘உங்க ரத்தத்துலயே இருக்கு’ என்பார்கள், இன்னொரு பக்கம் ‘சோறும் பலகாரமும் தின்னா வராதா’ என்பார்கள். உடற்கூறில் உண்மை இல்லாமல் இல்லை. தெற்காசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வருகிறது. ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு (பிஎம்ஐ) 23ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னதும் அதனால்தான். ஆனால் பன்னிரண்டு மணி நேர இரவு ஷிஃப்ட்டில் நிற்கும் பாதுகாவலர், பகலில் மட்டும் திறந்திருக்கும் கிளினிக்குக்கு ஒரு நாள் சம்பளத்தை இழந்து போக வேண்டியிருப்பது எந்த ரத்தத்திலும் இல்லை. இதைக் கேட்கும் கேள்வித்தாள் ஒரு முடிவைத் தரும். ‘வாரத்துக்கு எத்தனை முறை இனிப்பு சாப்பிடுகிறீர்கள்’ என்று மட்டும் கேட்கும் தாள் இன்னொரு முடிவைத் தரும்.

‘இந்தியர்’ என்ற கட்டத்துக்குள்ளேயே எத்தனை வகை மக்கள் இருக்கிறார்கள் பாருங்கள். பிரிக்பீல்ட்ஸில் ஓய்வூதியம் வாங்கும் ரயில்வே குமாஸ்தாவும், தோட்டத்தை விட்டு வந்து பிளாட்டில் குடியேறிய குடும்பமும், பஞ்சாபிக் கடைக்காரரும் ஒரே கட்டம். இந்தப் பிரிவினை தேவை என்று உள்ளே இருக்கும் யாராவது சொன்னால்தான் தாளில் ஏறும். சமூகம் பங்கெடுப்பதால் ஆய்வுக்குக் கிடைக்கும் முதல் லாபம் இதுதான். அதனால் எந்த வகையை எடைபோடும்போதும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: தாள் அச்சாகும் முன்னால் நம் குரல் அங்கே போய்ச் சேருமா?

மண்டபம் மட்டும்

முதல் வகையில் போய்ச் சேராது. அதற்காக அதை இளக்காரமாகப் பேசவும் மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை பூஜை முடிந்ததும் மண்டபத்தில் நான்கு மேசை. ஒன்றில் பெயர்ப்பதிவு, ஒன்றில் ரத்த அழுத்தம், ஒன்றில் விரலில் குத்தி ஒரு சொட்டு, கடைசியில் கேள்வித்தாள். வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருப்பார்கள், பாதிப் பேர் பிரசாதம் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருப்பார்கள். ஓர் அம்மாவுக்குக் கருவியில் சர்க்கரை 14.2 என்று வருகிறது, மிக அதிகம். தாதி அதைச் சின்னத் துண்டுத்தாளில் எழுதி, ‘கிளினிக்ல காட்டுங்கம்மா’ என்கிறார். அந்தத் துண்டு கைப்பைக்குள் போகிறது. அடுத்த ஆண்டு முகாமில் அதே அம்மா, அதே மேசை.

செலவில்லை, ஒரே நாளில் முடிந்துவிடும், வருஷக்கணக்கில் சோதித்துப் பார்க்காத இரண்டு பேருக்காவது கண் திறக்கும். சேவை என்று பார்த்தால் நல்லதுதான். ஆனால் ஆய்வு என்று பார்த்தால் ஓட்டை பெரியது. வருபவர்கள் எப்போதும் வரும் ஆட்கள், பெரும்பாலும் வயதான பெண்கள். ஞாயிறும் வேலைக்குப் போகும் லாரி ஓட்டுநரும் பாதுகாவலரும் அந்த மேசைக்கு வருவதே இல்லை. பிறகு அந்தத் தரவை வைத்து ‘இந்தியச் சமூகம்’ பற்றி எழுதுவார்கள்.

இந்த வகைதான் நம் சக்திக்கு ஏற்றது என்றால் ஒரே ஒரு நிபந்தனை போதும். துண்டுத்தாள் கூடாது. அளவு மீறியவர்களுக்கு அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்குக்கு முறையான பரிந்துரைக் கடிதம் அங்கேயே கொடுக்க வேண்டும். நாற்பது வயதைத் தாண்டிய பி40 குடும்பத்தாருக்கு, அதாவது வருமானத்தில் கீழ்மட்ட 40 விழுக்காட்டில் இருப்பவர்களுக்கு, 2019இலிருந்து இருக்கும் பெக்கா பி40 இலவசப் பரிசோதனையைப் பற்றியும் அங்கேயே சொல்ல வேண்டும்.

நாற்காலி மட்டும்

ஆலோசனைக் குழு என்றதும் நம்மவர்களுக்கு ஒரு மயக்கம். பல்கலைக்கழகக் கட்டடம், பெயர்ப்பலகை, குழுப்படம். போவது யார்? தலைவர், முன்னாள் தலைவர், டத்தோ ஒருவர். கூட்டம் புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு. வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகும் ஆளோ, ஏழு பேருக்குச் சமைக்கும் அம்மாவோ அங்கே இருக்க வழியே இல்லை. கேள்வித்தாள் அச்சாகிவிட்டது, நிதி கொடுத்தவர்களும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். குழு தட்டில் உள்ள கறிபஃப்பைச் சாப்பிட்டுவிட்டு ‘நல்ல முயற்சி’ என்று குறிப்பேட்டில் பதிவாகி வரும். கட்டுரையில் மட்டும் ‘சமூகத்தின் ஆலோசனை பெறப்பட்டது’ என்று ஒரு வரி வந்துவிடும். முதல் வகையில் நாம் மண்டபத்தைத்தான் கொடுத்தோம். இதில் பெயரையே கொடுத்துவிடுகிறோம்.

ஷெரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1969இலேயே மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வகுத்தபோது, இப்படிப்பட்ட கலந்தாலோசனையையும் சமாதானப்படுத்தலையும் ஏணியின் நடுப்படிகளில், ஒப்புக்குச் செய்வது என்ற வகையில்தான் வைத்தார்.

நியாயமாகச் சொன்னால், ஆலோசனை வேலை செய்த இடங்களும் உண்டு. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களின் இதயநோயை ஆராயும் ஜாக்சன் இதய ஆய்வில் 5,306 பேர் சேர்ந்தார்கள், சேர்க்கை 2000இல் தொடங்கியது. அங்கே மக்களுக்குச் சந்தேகப்பட வலுவான காரணம் இருந்தது. 1932 முதல் 1972 வரை டஸ்கீகியில் அரசாங்கச் சுகாதாரத் துறையே சுமார் 600 கறுப்பின ஆண்களை வைத்து ஆய்வு நடத்தியது. அவர்களில் கிரந்தி நோய் (சிஃபிலிஸ்) இருந்தவர்களுக்கு, மருந்து வந்த பிறகும் கொடுக்காமல் வேடிக்கை பார்த்தது. அந்த நினைவு உள்ள இடத்தில் பெயரளவுக் குழு எடுபடாது. அதனால் உள்ளூர்க் கறுப்பினக் கல்லூரியான டூகலூ, ஆய்வின் பங்காளியாகவே சேர்ந்தது, அங்கே மாணவர்களுக்குப் பொதுச் சுகாதாரப் பயிற்சியும் நடந்தது. ஆலோசனையோடு நிற்காமல் வேலையும் படிப்பும் உள்ளூருக்குள் வந்தன.

ஆக, குழுவில் சேரச் சொன்னால் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்தக் குழு ‘வேண்டாம்’ என்று சொன்னால் எது நிற்கும்? உதாரணத்துக்கு ஒன்று. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 6.3 விழுக்காட்டைத் தொட்டாலே நீரிழிவு என்கிறது நம் நாட்டு மருத்துவ வழிகாட்டி. வெளிநாடுகளில் பரவலாக உள்ள அளவு 6.5. வெளிநாட்டு நெறிமுறையை அப்படியே எடுத்து வந்த ஆய்வில் 6.4 உள்ளவர் நோயில்லாதவர் பக்கம் போய்விடுவார், கையில் கடிதம் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பப்படுவார். இதை மாற்றுங்கள் என்று குழு சொன்னால் மாற்றுவார்களா? மாற்றுவோம் என்று எழுத்தில் தந்தால் அது குழு. ‘பரிசீலிக்கிறோம்’ என்றால் நாகரிகமாக விலகிக்கொள்ளலாம்.

நம் ஆட்கள், சம்பளத்துக்கு

மூன்றாவது வகைக்கு வருவோம். வட்டாரத்திலேயே பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, மணிக்கணக்குக்குச் சம்பளமும் கொடுத்து, வீடு வீடாகப் பேசவும் அளக்கவும் அனுப்புவது.

பிளாட்டில் பதினான்காவது மாடி, இரவு எட்டரை மணி, இரண்டு லிஃப்ட்டில் ஒன்றுதான் ஓடுகிறது. களப்பணிக்குப் போன பெண் பக்கத்து பிளாக்கைச் சேர்ந்தவர். வீட்டுக்காரர் பாதுகாவலர் வேலை பார்ப்பவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். மருந்து சாப்பிடுகிறீர்களா என்ற கேள்விக்கு ‘ஆமா’ என்கிறார். தாளில் அதற்கு ஒரு டிக், அதோடு முடிந்திருக்க வேண்டியது. ‘மருந்த கொஞ்சம் காட்டுங்கண்ணே, பேர எழுதணும்’ என்கிறார் இந்தப் பெண். அலமாரி மேலிருந்து பிஸ்கட் டின் இறங்குகிறது. உள்ளே மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை அட்டைகள், பிரிக்காமல், நான்கைந்து மாதத்துக்கானவை. சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு அவர் சொல்கிறார்: ‘போட்டா வயித்தக் கலக்குதும்மா. நான் நிக்கிற போஸ்ட்டுல கக்கூஸ் இல்ல. விட்டுட்டு எங்க ஓடறது?’

மெட்ஃபார்மின் சிலருக்கு வயிற்றைக் கலக்கும் என்பது எந்த மருத்துவருக்கும் தெரிந்ததுதான். உணவோடு சாப்பிட்டால் குறையும், மெதுவாகக் கரையும் வகையும் இருக்கிறது. ஆனால் கழிப்பறை இல்லாத காவல் கூண்டு எந்தக் கேள்வித்தாளிலும் இல்லை. ‘இந்தியர்கள் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை’ என்று அட்டவணையில் ஏறும் வரிக்குப் பின்னால் இப்படிப்பட்ட கூண்டுகள் எத்தனை என்பதை, ‘அண்ணே’ என்று கூப்பிட்டு அந்த டின்னை இறக்கவைக்கும் ஆள்தான் கண்டுபிடிக்க முடியும்.

வெளியே நடந்ததிலும் இதற்குச் சான்று உண்டு. நியூயார்க்கில் வங்காளதேசத்தவருக்காக நடந்த ட்ரீம் என்ற நீரிழிவு ஆய்வில் அதே சமூகத்தைச் சேர்ந்த, வங்காளம் பேசும் பணியாளர்கள்தான் ஐந்து கூட்டுப் பாடங்களையும் இரண்டு தனிச் சந்திப்புகளையும் நடத்தினார்கள். ஸ்காட்லாந்தில் இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினரிடம் நடந்த பொடோசா ஆய்வில் உணவியல் நிபுணர் வீட்டுக்கே போனார், மூன்று ஆண்டில் 15 முறை, முழுக் குடும்பத்தையும் சேர்த்து உட்கார வைத்து. பலன், ஒப்பீட்டுக் குழுவைவிட எடையில் 1.64 கிலோ வித்தியாசம். இதற்கா இவ்வளவு என்று தோன்றலாம். ஆனால் சமைப்பவரைச் சேர்க்காமல் சாப்பிடுபவருக்கு மட்டும் புத்தி சொல்வதில் அர்த்தமில்லை என்பதை அவர்கள் புரிந்துகொண்டு வடிவமைத்தார்கள். நம் வீடுகளுக்கும் அது பொருந்தும்.

இன்னொன்று லாஸ் ஏஞ்சலஸ் முடிதிருத்தும் கடை ஆய்வு, 2018இல் வெளியானது. 52 கடைகள், உயர் ரத்த அழுத்தம் உள்ள 319 கறுப்பின ஆண்கள். ஒரு பிரிவில் முடிதிருத்துபவர் பேசி ஊக்கப்படுத்தி மருத்துவரிடம் போகச் சொன்னார். மற்றொரு பிரிவில் மருந்தாளர் கடைக்கே வந்து, மருத்துவரோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி மருந்தை எழுதினார். ஆறு மாதத்தில் முதல் பிரிவில் மேல் அழுத்தம் 9.3 புள்ளி இறங்கியது, இரண்டாவதில் 27. இதைப் படித்துவிட்டு ‘நாமும் செந்தூல் முடிதிருத்தும் கடைகளில் செய்வோம்’ என்று கிளம்புபவர்களிடம் இரண்டு விஷயம் சொல்வேன். இங்கே அந்தக் கடைகளில் வேலை செய்பவர்களில் நிறையப் பேர் இந்தியாவிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்கள், வட்டாரத்தில் அங்கே போல வேர் பிடித்தவர்கள் அல்லர். அதோடு நம் நாட்டில் மருந்தாளர் சுயமாக மருந்து எழுத முடியாது. 27 புள்ளியைக் கொண்டுவந்த பாதியை விட்டுவிட்டு மீதியை மட்டும் எடுத்து வந்தால் நமக்குக் கிடைப்பது 9.3தான், அதுவும் கிடைத்தால்.

அவ்வளவு தூரம் போகாமல் ஜொகூர் சிகாமட்டைப் பார்க்கலாம். மோனாஷ் பல்கலைக்கழகம் 2011இல் அங்கே தொடங்கிய சீயாக்கோ ஆய்வுத் தளத்தில் மலாய், சீனர், இந்தியர் என மூவினத்தாரும் பழங்குடியினரான ஒராங் அஸ்லியும் சேர்ந்து சுமார் 40,000 பேர் வருகிறார்கள். வீடு வீடாகப் போய்த் தரவு சேகரிப்பவர்கள் உள்ளூர்வாசிகள். ஒருமுறை வந்துவிட்டுப் போகாமல் அதே ஊரில் ஆண்டுக்கணக்கில் இருப்பதுதான் அங்கே விசேஷம்.

இந்த வகையின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. பெரிய குறை ரகசியம். பக்கத்து வீட்டு அக்காவுக்கு உங்கள் சர்க்கரை அளவு தெரிந்துவிடும். கல்யாண வயதில் பெண் இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயமில்லை. ‘ஏ பிளாக்’ ஆள் ‘சி பிளாக்’குக்குப் போகும்படி மாற்றிப் போடுவதும், யார் வர வேண்டும் என்பதைக் குடும்பமே தேர்ந்தெடுப்பதும் ஓரளவு உதவும். இரண்டாவது, நிதி தீர்ந்ததும் வேலையும் தீர்ந்துவிடும். மூன்றாவது சம்பளம். அரசாங்கத்தின் கோஸ்பென் திட்டம் 2013 முதல் தொண்டர்களை வைத்து வட்டாரங்களில் பரிசோதனை நடத்துகிறது, நல்ல திட்டம்தான். ஆனால் தொண்டூழியத்துக்கென்று ஓர் எல்லை உண்டு. பேராசிரியருக்கும் உதவியாளருக்கும் சம்பளம் இருக்கும் ஆய்வில், மாடி ஏறும் பெண்ணுக்கு மட்டும் ‘சேவை’ என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சரிபாதி கூட்டு

நான்காவது வகை கொள்கையளவில் உயர்ந்தது. கேள்வியை நாமே வைக்கிறோம், நிதியில் ஒரு பங்கு நம் கணக்குக்கு வருகிறது, தரவை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதிலும் நமக்குச் சொல் உண்டு. ஆனால் கோயில் கணக்கில் ஆய்வுப் பணம் வந்தால் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டம் எப்படி இருக்கும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? நிர்வாகம் மாறினால் பழைய ஒப்பந்தம் புதியவர்களுக்கு ‘அவங்க காலத்து விஷயம்’ ஆகிவிடும். ஆய்வோ நான்கைந்து ஆண்டு இழுக்கும். முழுநேர ஊழியரும் ஒழுங்கான தணிக்கையும் உள்ள பதிவுபெற்ற அமைப்பென்றால் துணிந்து கேட்கலாம். மாதம் ஒருமுறை கூடும் நிர்வாகத்துக்கு இது தாங்காது.

ஆனால் இந்த வகையிலிருந்து ஒன்றை மட்டும் கழற்றி எடுத்து மூன்றாவதோடு பூட்டிக்கொள்ள வேண்டும்: ரத்தமும் தரவும் பற்றிய எழுத்துபூர்வமான உடன்பாடு. அமெரிக்காவின் அரிசோனாவில் ஹவசுபாய் என்ற சிறிய பழங்குடி. அவர்களிடையே நீரிழிவு அதிகம் என்பதால், ஏன் என்று தெரிந்துகொள்ள 1990இலிருந்து பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு ரத்தம் கொடுத்தார்கள். பின்னாளில் பார்த்தால் அதே ரத்தத்தை வைத்து மனநோய் பற்றியும், அந்த மக்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பது பற்றியும் ஆய்வு நடந்திருந்தது. தங்கள் பூர்வீகம் பற்றிய அவர்களுடைய நம்பிக்கையையே அது உரசியது. வழக்காகி, 2010இல் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுத்து, மீதி ரத்த மாதிரிகளையும் திருப்பித் தந்தது. அதே நோய், அதே கேள்வி, நமக்கு வரும் கடிதத்தில் உள்ள அதே நல்ல நோக்கம்.

அதனால் ஒப்புதல் படிவத்தில் ‘எதிர்கால ஆய்வுகளுக்கும் பயன்படுத்தப்படலாம்’ என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், அதற்குத் தனிக் கட்டம், தனிக் கையெழுத்து வேண்டும் என்று கேளுங்கள். படிவம் தமிழிலும் இருக்க வேண்டும். மலாயில் மட்டும் அச்சடித்து, எழுபது வயது பாட்டியிடம் ‘இங்க சைன் போடுங்க’ என்பது ஒப்புதல் ஆகாது. மருத்துவ ஆய்வு நெறிக்குழுவின் ஒப்புதல் எண்ணை, அது சுகாதார அமைச்சின் குழுவாகவோ பல்கலைக்கழகத்தின் குழுவாகவோ இருக்கட்டும், கடிதத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். இவற்றில் எதற்கும் பதில் வராவிட்டால் ஐந்தாவது வழியும் இருக்கிறது: முடியாது என்பது. அதற்காக யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை. பல்கலைக்கழகங்கள் நமக்குத் தேவைப்படுவதைவிட அவர்களுக்கு நாம்தான் அதிகம் தேவை, இன ஒப்பீட்டு ஆய்வில் இந்தியர்கள் போதுமான எண்ணிக்கையில் சேராவிட்டால் ஒப்பீடே நடக்காது.

முதல் சந்திப்புக்குப் போகும்போது வரவுசெலவுப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். பாதிப் பேர் திகைப்பார்கள், மீதிப் பேர் காட்டுவார்கள். அதில் களப்பணியாளர் சம்பளம், பங்கேற்பவரின் போக்குவரத்துச் செலவு, தமிழில் முடிவுகளை அச்சிட்டு வட்டாரத்தில் கூட்டம் போட்டுச் சொல்வதற்கான செலவு என்று மூன்று வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். முதலிரண்டு வரிகள் சிலவற்றில் இருக்கும். மூன்றாவது அநேகமாக இருக்காது. நிதி கொடுத்தவரிடம் கேட்டு அதைச் சேர்ப்பதற்கு, ஆய்வு தொடங்காத அந்த நேரத்தில்தான் வழி உண்டு. ஆகவே தேதி கொடுப்பதைச் செயலாளர் அதுவரை தள்ளிப் போடட்டும்.